இரண்டு செட்டிலும் ஒரே பழுது

ஜூன் 8, வியாழன்

கூரியரில் இரண்டு பெட்டிகளும் வந்துவிட்டன. இரண்டும் ஒரே கிட். உள்ளே போர்டு, பொட்டலம் பொட்டலமாகப் பாகங்கள், ஒரு வரைபடம். நாமே பற்றவைத்து முடித்தால் பேசவும் கேட்கவும் ஆகிற ஒரு ரேடியோ செட். ஒன்று எனக்கு, மற்றது வால்பாறையில் இருக்கும் கருணாகரன் அண்ணாவுக்கு. அவர் தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான ஹாம் லைசென்ஸ் வாங்கி இருபது வருடம் ஆகிறது. இப்போது கண் மங்கிப்போனதால், "ரெண்டையும் நீயே கட்டிரு சிகாமணி" என்றார்.

காலை ஏழு மணி நெட் இன்று என் முறை. தினமும் அந்த நேரத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ரேடியோவில் கூடுவோம். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வரிசையாக வந்து பேசிப் போவார்கள். வியாழக்கிழமை நான். இன்று பதினோரு பேர். நாகர்கோவில் ஜெபமணியின் பேச்சு குழறலாக வந்தது. மைக்கை மாற்றச் சொன்னேன். புது மைக்தான் என்கிறார்.

சாப்பாட்டு மேஜை முழுக்கப் பாகங்கள். என் மனைவி வசந்தாமணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஜூன் 11, ஞாயிறு

இரண்டு போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே படியை இரண்டிலும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். ஒன்றில் பழுது வந்தால் மற்றதை வைத்து ஒப்பிடலாம். பம்பு கம்பெனி டெஸ்டிங் பிரிவில் முப்பத்தாறு வருடம் இதைத்தான் செய்தேன். சந்தேகப்படும் மோட்டாரின் பக்கத்தில் நல்ல மோட்டாரை ஓடவிட்டுப் பார்ப்பது.

வசந்தாமணி கோயிலுக்குப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னாள். அவள் திரும்பி வந்தபோது பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை.

"ஏனுங்க, தெருமுக்கு வரைக்கும் விசில் கேக்குது. உங்களுக்குக் கேக்குலீங்களா?"

சால்டர் பிடிக்கும்போது நினைப்பெல்லாம் அதிலேதான் இருக்கும் என்றேன்.

ஜூன் 19, திங்கள்

செப்புக் கம்பியில் காயில்கள் சுற்றினேன். பதினான்கு. விரல் நுனியெல்லாம் வலி.

ஜூன் 24, சனி

முதல் முறை பவர் கொடுத்தேன். இரண்டு செட்டும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் சூடு.

பேசத் தொடங்கியதும் பத்து வாட் வருகிறது. இரண்டு நிமிடத்தில் ஏழு. நாலு நிமிடத்தில் மூன்று. கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் இரண்டும் தோசைக்கல் மாதிரி காய்கின்றன. விரல் வைத்துப் பார்த்ததில் கொப்புளம். சும்மா நிற்கும்போது ஓட வேண்டிய கரண்ட் நூறு மில்லி ஆம்பியர்தான். சூடு ஏற ஏற அது தானாகவே முந்நூறுக்குப் போகிறது. கரண்ட் ஏறினால் இன்னும் சூடு, சூடு ஏறினால் இன்னும் கரண்ட். இப்படியே விட்டால் டிரான்சிஸ்டர் வெந்துபோகும்.

சூட்டை உறிஞ்சி வெளியேற்றக் கிட்டோடு வந்த ஹீட் சிங்க் தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு யோசித்திருப்பார்கள்.

ஜூன் 27, செவ்வாய்

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு மணி நேரம் அலைந்து, ஏதோ பழைய இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய அலுமினிய ஹீட் சிங்க் இரண்டு எடுத்தேன். முழங்கை நீளம், ஆழமான வரிகள். பழைய கம்ப்யூட்டர் ஃபேனும் இரண்டு. வசந்தாமணி தைக்கும் மிஷினுக்குப் பாபினும் மறக்காமல் வாங்கினேன்.

ஜூலை 2, ஞாயிறு

சூட்டை ஜெயித்தாயிற்று. நாளைக்கு வேறு யாருக்காவது உதவும் என்று விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

டிரான்சிஸ்டரின் முதுகுத் தகட்டில் மின்சாரம் உண்டு. அது ஹீட் சிங்கை நேராகத் தொடக் கூடாது என்று நடுவில் மைக்காத் தகடு வைப்பார்கள். கிட்டில் வந்த தகடு தடிமன். மெல்லிய தகடாக மாற்றி, இரண்டு பக்கமும் வெள்ளைப் பேஸ்ட் தடவினேன். வெண்ணெய் மாதிரி அப்பக் கூடாது, நெற்றியில் திருநீறு பூசுகிற அளவுதான். பிறகு ஹீட் சிங்க் மேலேயே ஒரு சின்ன டயோடை ஒட்டி, சூடு ஏறினால் கரண்டைக் குறைக்கிற மாதிரி இணைத்தேன். ஃபேனைக் குறுக்கே வைத்து, காற்று வரிகளுக்கு நடுவே ஓடும்படி திருப்பினேன்.

இருபது நிமிடம் விடாமல் பேசிப் பார்த்தேன். பத்து வாட் பத்து வாட்டாகவே நின்றது. ஹீட் சிங்க் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இரண்டு செட்டிலும்.

"அந்த ஃபேனு கீய்ங்குன்னு கத்துதுங்க. பல்லு கூசுது," என்றாள் வசந்தாமணி, தையல் மிஷினிலிருந்து.

காதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. நல்ல ஃபேன்.

ஜூலை 6, வியாழன்

புது செட்டில் முதல் நெட். பேச்சு நன்றாகப் போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கேட்பதில் கோளாறு இருக்கிறது. மீட்டர் முள் நன்றாகவே ஏறுகிறது, பேச்சுதான் வாயில் துணி வைத்துப் பேசியதுபோல் வருகிறது. பழைய செட்டும் கொஞ்ச நாளாக அப்படித்தான் இருந்தது, அதனால்தான் இதையே வாங்கினேன்.

ஸ்பீக்கரை மாற்றினேன். மாற்றமில்லை. அண்ணாவுக்கான செட்டை எடுத்து மாட்டினேன். அதிலும் அதே.

ஜூலை 9, ஞாயிறு

ஆடியோ ஐசி மாற்றினேன். ஃபில்டரைச் சோதித்தேன். வரைபடத்தில் சொன்னபடி எல்லாம் சரி. இரண்டு செட்டிலும் ஒரே பழுது என்றால் நான் கட்டியதில் தவறில்லை, கிட்டிலேயே தவறு.

மகள் ஈரோட்டிலிருந்து கூப்பிட்டாள். "ஏப்பா எப்பப் பாத்தாலும் ஸ்பீக்கர்ல போட்டே பேசறீங்க, அக்கம்பக்கமெல்லாம் கேட்டுட்டு இருப்பாங்க" என்று சிரித்தாள்.

ஜூலை 13, வியாழன்

கிட் அனுப்பிய பையனுக்கு ஃபோன் செய்தேன்.

"சார், நூறு பேருக்கு மேல வாங்கியிருக்காங்க. ரிசீவர்ல கம்ப்ளைன்டே வரல சார்."

"அப்ப எனக்கு மட்டும் எப்படிங்க ரெண்டும் வரும்?"

"வேற யாரையாவது காது குடுத்துக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க சார்."

மரியாதை தெரியாத பையன். ஃபோனை வைத்துவிட்டேன்.

நெட்டில் ஜெபமணி பேத்திக்குக் காது குத்து என்று சொல்லியிருக்கிறார். நான் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரிசீவர் அந்த லட்சணம்.

ஜூலை 21, வெள்ளி

நேற்று நெட் முடிந்ததும் பஸ் ஏறி வால்பாறை போனேன். அண்ணாவின் செட்டைப் பொருத்திவிட்டு, இரவு தங்கி இன்று வந்தேன். ஊரைத் தாண்டித் தேயிலைச் சரிவில் தனி வீடு. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு அரை கிலோமீட்டர் கீழே இறங்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் செல்போன் டவர் படுத்துவிடும், கரண்டும் போகும். அதனால் செட்டைக் கார் பேட்டரியில் இணைத்தேன். ஒயர் ஆன்டெனாவைச் சவுக்கு மரங்கள் இரண்டுக்கு நடுவே கட்டினோம்.

கயிறு இழுத்தது அண்ணாவின் மனைவி தங்கம் அக்காதான். முப்பது வருடம் இலை பறித்த கால். அந்தச் சரிவில் ஆடு மாதிரி ஏறி இறங்கினார். நானும் அண்ணாவும் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே நின்றோம்.

செட்டைப் போட்டதும் திருச்சூர்க்காரர் ஒருவர் பேச்சில் வந்தார். அண்ணா முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணாடி மாதிரி இருக்கு சிகாமணி!"

எனக்கு அதே துணி வைத்த பேச்சுதான். அவருக்கு வயதாகிவிட்டது, வித்தியாசம் தெரியவில்லை. 

ஆகஸ்ட் 3, வியாழன்

விடாத மழை. நெட்டில் ஆறே பேர். பேண்டில், அதாவது நாங்கள் பேசும் அலைவரிசையில், இரைச்சல்தான் அதிகம். இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று முறை கேட்டேன். யாரும் இல்லை. ஏழு இருபதுக்கே முடித்துவிட்டுக் குளிக்கப் போனேன். பிறகு ரேஷன் கடை.

மாலை:

நாலு மணிக்கு ஜெபமணி ஃபோன்.

"அண்ணாச்சி, வால்பாறை விவரம் தெரியுமா? காலையில கருணாகரன் சார் வீட்டு மேல மரம் விழுந்துட்டு. அவங்க வீட்டம்மா கால் அடியில மாட்டிக்கிட்டு. வழியெல்லாம் மண் சரிஞ்சு, கீழ எறங்க முடியல. ஏழு மணியிலேருந்து ரேடியோவுல கூப்பிட்டிருக்காரு. பத்தே காலுக்குத்தான் திருச்சூர் ஆளு ஒருத்தரு கேட்டு ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியிருக்காரு."

ஏழு மணியிலிருந்து என்றால் என் நெட்டில்.

"எனக்கு இங்க ஒண்ணுமே விழலை அண்ணாச்சி. தூரம்லா. உங்களுக்கு?" என்றார்.

இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 5, சனி

தங்கம் அக்காவைக் கோவைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நானும் வசந்தாமணியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்திருக்கிறார்கள். மயக்கத்தில் இருந்தார். அண்ணா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் இன்னும் சேறு.

சீக்கிரம் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டாராம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். காப்பாற்றியிருக்க முடியாது என்று சொல்லவில்லை.

"ஆன்டெனா பாதி அறுந்து கீழ கெடந்துச்சு. ஆனாலும் கோயமுத்தூர் எட்டும்னு நெனச்சேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கு நீதான நெட்டு நடத்துன?"

"ஆமாங்ணா. பேண்டு செத்துக் கெடந்துச்சுங்ணா. ஒண்ணும் கேக்கலை."

தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற வசந்தாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நெட்டில் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசினார்கள். வியாழக்கிழமை பேண்ட் மோசம் என்று நானும் சொன்னேன். ஆன்டெனா அறுந்திருந்தால் யாருக்குத்தான் கேட்கும் என்றார் ஒருவர். நியாயம்தானே.

வசந்தாமணி நாள் முழுக்க மிஷினில்தான். ஒரு ஜாக்கெட்டைத் தைத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

மத்தியானம் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லோணும். சொல்லாம எனக்குச் சோறு எறங்கலை."

"சொல்லு."

"அன்னிக்குக் கேட்டுதுங்க."

"என்ன கேட்டுது?"

"கருணாகரன் அண்ணன் கொரல். நான் சமையல்கட்டுல இருந்தேன். கரகரன்னுதான் வந்துச்சு, ஆனா அவருதான். 'சிகாமணி, சிகாமணி'ன்னு ரெண்டு தரம் கூப்பிட்டாரு. நீங்க முன்னாலயே உக்காந்திருக்கீங்க, பேசுவீங்கன்னு நான் சட்னிக்கு மிக்ஸியப் போட்டுட்டேன். நிறுத்துனப்ப நீங்க துண்ட எடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டு இருந்தீங்க. பேசி முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண்ணைத் துடைத்தாள்.

"நான் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். என்னன்னு ஒரு வார்த்த."

நான் எழுந்து கை கழுவினேன். மிக்ஸிச் சத்தத்தில் உனக்கு ஏதோ தோன்றியிருக்கும் என்றேன். 

ஆகஸ்ட் 8, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

ஆகஸ்ட் 9, புதன்

ஒரு பழுதைத் தேடும்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரை மாற்றினேன், ஐசியை மாற்றினேன், செட்டையே மாற்றினேன். மாற்றாதது ஒன்றுதான்.

காலையில், வேண்டிய சுருதியில் ஒலி எழுப்பும் சிக்னல் ஜெனரேட்டரை எடுத்து ஸ்பீக்கரில் இணைத்தேன். வசந்தாமணியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். சத்தம் கேட்கும்வரை கையைத் தூக்கியே வைத்திரு, நின்றதும் இறக்கு என்றேன். நானும் இடது கையைத் தூக்கிக்கொண்டேன். வலது கையால் குமிழைத் திருப்பி ஹெர்ட்ஸ் எண்ணை ஏற்றிக்கொண்டே போனேன். ஐந்நூறு. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. இரண்டு பேர் கையும் மேலே.

இரண்டாயிரத்தைத் தாண்டியதும் எனக்குச் சத்தம் கரைந்து நின்றது. கையை இறக்கினேன். அவள் கை மேலேயே இருந்தது. மூவாயிரம். நாலாயிரம். ஆறாயிரம். ஒன்பதாயிரம். எனக்கு வெறும் அமைதி. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"போதும், நிறுத்துங்க," என்றாள்.

நிறுத்தினேன்.  பிறகு அவள் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஆர்.எஸ்.புரத்தில் காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். முடிந்ததும் பரிசோதித்த பெண் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். இடப்பக்கம் மேலே நேராகப் போகும் கோடு, நடுவைத் தாண்டியதும் மலையிலிருந்து குதித்ததுபோல் கீழே விழுகிறது. இப்படி ஒரு வளைவு ஏதாவது செட்டில் வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பழுதைச் சொல்லியிருப்பேன்.

"எங்க வேல பாத்தீங்க அங்கிள்?"

"பம்பு கம்பெனி. டெஸ்டிங் ஷெட்டு."

"காதுல ஏதாவது வெச்சுக்குவீங்களா?"

பஞ்சு கொடுப்பார்கள். வைத்தால் மோட்டார் பேரிங் சத்தம் தெரியாது என்று நான் வைத்ததில்லை.

"பேச்சு கேக்கும். ஆனா க, ச, த மாதிரி எழுத்தெல்லாம் தேஞ்சு போய்த்தான் வரும். இரைச்சல்ல சுத்தமா வராது. இது நேத்து ஆரம்பிச்சதில்ல அங்கிள், ஏழெட்டு வருஷமாவது இருக்கும். வீட்ல யாரும் சொல்லலியா?"

வசந்தாமணி அந்த வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

ஆகஸ்ட் 16, புதன்

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். தங்கம் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணா ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். பேண்ட் சாகவில்லை. உங்கள் குரல் என் வீட்டில் வந்தது. வசந்தாவுக்குச் சமையல்கட்டில் கேட்டது, செட்டுக்கு முன்னாலேயே இருந்தும் எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் காது போய்விட்டது. அன்று உங்களிடம் பொய் சொன்னேன்.

அண்ணா ஆரஞ்சுச் சுளையைத் தட்டில் வைத்தார்.

"உன் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன். வேற யாரு பேரும் எனக்கு வாயில வரல," என்றார். "மூணு மணி நேரம். செட்டு சூடாகிச் செத்துருமோன்னு அதத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே கூப்பிட்டேன். அது சாகல. ஃபேனு ஓடிக்கிட்டே இருந்துச்சு. நல்லாத்தான் கட்டியிருந்த."



தங்கம் அக்காதான் பேசினார். "காது கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்ல வேண்டியதுதான தம்பி? அதுல என்ன வெக்கம்? எனக்குக் காலே போச்சு, வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்."

கோபமாகச் சொன்னாரா, சமாதானமாகச் சொன்னாரா, தெரியவில்லை. நான் கிளம்பும்போது அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நெட்டில் எல்லோருக்கும் சொன்னேன். மூன்றாம் தேதி வந்த அழைப்பு என் காதில்தான் தவறியது, பேண்டில் இல்லை என்றேன். இனி வியாழக்கிழமையை ஜெபமணி நடத்தட்டும் என்றேன்.  பிறகு ஜெபமணி வந்தார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். ஏதோ நல்லதாகத்தான் சொன்னார். முழுதும் புரியவில்லை.

கிட் பையனுக்கும் ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், ஹீட் சிங்க் ஐடியா மட்டும் கொஞ்சம் எழுதி அனுப்புங்க," என்றான்.

ஆகஸ்ட் 31, வியாழன்

காதுக் கருவி போட்டாயிற்று. இரண்டு காதிலும். பேப்பர் புரட்டினால் தகரம் கிழிகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் இத்தனை சத்தம் இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள்.

செப்டம்பர் 14, வியாழன்

அண்ணாவும் அக்காவும் வால்பாறைக்குத் திரும்பிவிட்டார்கள். லயனுக்குப் பக்கத்தில் வேறு வீடு. ஜெபமணி சொல்லித்தான் தெரியும். அண்ணா நெட்டுக்கு வருவதில்லை. இரண்டு முறை ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

வசந்தாமணி ஹாம் பரீட்சைக்குப் படிக்கலாமா என்று கேட்டாள். வேடிக்கைக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 5, வியாழன்

ஜெபமணி வியாழக்கிழமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கருவி போட்டாலும் இரைச்சலில் பாதிதான் பிடிபடுகிறது என்றேன். "பாதி கேக்கிற ஆளு, கேக்கலேன்னு சொல்லிக் கேட்டா முழுசும் கெடைச்சிரும் அண்ணாச்சி," என்கிறார். வசந்தாமணி பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தால் நடத்துகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

நெட் என் முறை. ஒன்பது பேர். வசந்தாமணி காதில் ஹெட்ஃபோனோடு இடப்பக்கம் உட்கார்ந்து, விழுகிற பேரையெல்லாம் எழுதினாள். இரண்டு இடத்தில் நான் தவறவிட்டதைக் காட்டினாள்.

இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். இரைச்சல். முள் லேசாக அசைந்தது. வசந்தாமணி நிமிர்ந்தாள். பென்சில் கையில் இருந்தது, ஆனால் எழுதவில்லை. என்னையே பார்த்தாள்.

மைக்கை எடுத்தேன். "யாரோ கூப்பிடறீங்க. எனக்குக் காது சரியாக் கேக்கலீங்க. மறுபடி சொல்லுங்க, ஓவர்."

முள் அசைந்தது. இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல். பேர் பிடிபடவில்லை.

"இன்னும் கேக்கலீங்க. மறுபடி ஒரு தரம், ஓவர்."

மூன்றாம் முறை மெதுவாக வந்தது, குழந்தைக்குச் சொல்வதுபோல் விட்டு விட்டு.

"வால்பாறை. கருணாகரன். இங்க மழ இல்ல. தங்கம் இன்னிக்கு வாக்கர் புடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்தா. கேட்டுதா சிகாமணி? ஓவர்."

கேட்டது என்றேன். நடந்தது யார் என்பது மட்டும் சரியாக விழவில்லை என்று சொல்லி, அதை மட்டும் இன்னொரு தரம் கேட்டேன்.

"தங்கம்," என்றார். "தங்கம். தங்கம்."